சாகவும் வேண்டும், சாகவும் கூடாது: செல் நச்சுச் சோதனையில் தோற்காமல் இருக்க ஒரு கையேடு

வாழ்த்துகள். உங்கள் கையில் ஒரு புதிய சேர்மம் இருக்கிறது. மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த பொடி, ஃப்ரிட்ஜில் ஒரு சின்னக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலிக்கோ மனிதருக்கோ கொடுப்பதற்கு முன்னால் அதைத் தட்டில் வளரும் செல்களின் மேல் ஊற்றி, அவை சாகின்றனவா பிழைக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மருந்துத் தேடலின் முதல் வாசல் இது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும், செலவும் அதிகமில்லை. இவ்வளவு சின்னச் சோதனையில் போய் உங்கள் பொடி தோற்றுப்போனால் வெளியே தலைகாட்ட முடியுமா?

பயம் வேண்டாம். கீழே சொல்லியிருப்பதை ஒழுங்காகச் செய்தால் தோற்கவே முடியாது. இதில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. முடிவை முதலில் எழுதிவிடுங்கள்

இந்தச் சோதனைக்கு இரண்டு கட்சிக்காரர்கள் வருவார்கள். புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவருக்குச் செல் சாக வேண்டும். சர்க்கரை, மலேரியா, மூட்டுவலி என்று வேறு எதற்குத் தேடினாலும் செல் சாகக் கூடாது. முன்னவர்களைக் கொலைக் கட்சி என்றும் பின்னவர்களை அகிம்சைக் கட்சி என்றும் வைத்துக்கொள்வோம். தட்டு அதேதான், சாயம் அதேதான், பைப்பெட் பிடிக்கிற கையும் அதேதான். கட்சி மட்டும் வேறு.

ஆகவே தட்டைத் தொடுவதற்கு முன்பே உறுப்பினர் ஆகிவிடுங்கள். முடிவுரையைத் தட்டச்சு செய்து, எண் வரவேண்டிய இடத்தில் மட்டும் கோடு விட்டு வையுங்கள். அகிம்சைக் கட்சியில் இருந்தபடி தொடங்கிச் செல் செத்துவிட்டால் கலங்க வேண்டாம், அன்றைக்கே கட்சி மாறலாம். காலையில் சர்க்கரை மருந்தாக இருந்த சேர்மம் சாயங்காலத்துக்குள் புற்றுநோய் மருந்தானதற்கு நம்மிடையே முன்னுதாரணங்கள் உண்டு. கட்சித் தாவல் தடைச் சட்டம் ஆய்வகத்துக்குப் பொருந்தாது.

2. செல்லைக் கடன் வாங்குங்கள்

புனேயில் தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. செல் வரிசைகளைச் சேமித்து ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. அங்கே போனால் விண்ணப்பம், பணம், காத்திருப்பு. எதற்கு இந்த வம்பு? அடுத்த மாடியில் உங்கள் சீனியர் அக்கா இருக்கிறார். மார்க்கரில் பெயர் எழுதிய ஒரு ஃபிளாஸ்க் தருவார். அக்காவுக்கு அது யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று வம்சாவளி விசாரிக்காதீர்கள். உறவு கெடும்.

விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹீலா ஒரு பாடம். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவர் அனுமதியைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தத் துறை அங்கேயே நன்றாகத் தொடங்கியிருக்கிறது, கவனியுங்கள். ஹீலா அசுர வேகத்தில் பெருகும். தவறிப்போய் ஒரு துளி வேறு குப்பியில் விழுந்தால், சில வாரங்களில் பழைய குடியிருப்பாளர்கள் காணாமல் போய்விடுவார்கள். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் துறையின் பெரிய தலைகள் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, வெவ்வேறு உறுப்புகளின் பெயரில் உலவும் 18 செல் வரிசைகள் ஹீலாவாகவே தெரிகின்றன என்றார். யாரும் அவரைக் கட்டித் தழுவவில்லை.

நீங்கள் தழுவுங்கள். கல்லீரல் என்று பெயர் வாங்கிய சாங் லிவர், குடல் என்று வந்த ஐஎன்டி 407, குரல்வளைப் புற்று என்று வந்த ஹெப்-2, வாய்ப்புற்று என்று வந்த கேபி, நான்கும் ஹீலாதான். நான்கு உறுப்புகளில் சோதித்ததாக எழுதலாம், வளர்க்கும் செலவு ஒரே செல்லுக்கு. இப்படிப் பெயர் மாறிப்போன 500-க்கும் மேற்பட்ட வரிசைகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. தப்பித்தவறியும் திறந்துவிடாதீர்கள். எஸ்டிஆர் என்ற மரபணு அடையாளச் சோதனையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அது போலீஸ்காரர்கள் செய்வது என்று சொல்லிவிடுங்கள்.

3. வாடகை தராத விருந்தாளியை எழுப்பாதீர்கள்

மைக்கோபிளாஸ்மா என்றொரு பாக்டீரியா. அதற்குச் செல் சுவரே கிடையாது, அதனால் நீங்கள் மீடியத்தில் கடமைக்கு ஊற்றும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போகும். மற்ற பாக்டீரியா வந்தால் மீடியம் கலங்கி ஊருக்கே தெரிந்துவிடும். இது வந்தால் மீடியம் தெளிவாகவே இருக்கும், சாதாரண நுண்ணோக்கியிலும் எதுவும் தெரியாது. செல்லின் சாப்பாட்டைப் பங்கு போடும், வளர்ச்சியை மாற்றும், உயிரை அளக்க நீங்கள் ஊற்றும் சாயத்தைக்கூடத் தன் பங்குக்கு நிறம் மாற்றிக் கொடுக்கும்.

பிசிஆர் செய்தால் ஒரே நாளில் குட்டு உடைந்துவிடும். ஆகவே பிசிஆர் செய்யாதீர்கள். தெரிந்துவிட்டால் ஃபிளாஸ்க்குகளை ஆட்டோகிளேவில் போட வேண்டும், இன்குபேட்டரைக் கழுவ வேண்டும், கைடிடம் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் கடைசிதான் கஷ்டம்.

4. சர்க்கரை 450

அதிகக் குளுக்கோஸ் போட்ட டிஎம்இஎம் மீடியத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் சொன்னால் சர்க்கரை 450. உங்கள் மாமாவுக்கு வெறும் வயிற்றில் இந்த எண் வந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள். செல்களுக்கு மட்டும் தினமும் இதையே ஊட்டுங்கள். அகிம்சைக் கட்சிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

செல்லுக்குச் சக்தி இரண்டு வழியில் கிடைக்கும். மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜனோடு நிதானமாக எரிப்பது ஒன்று, குளுக்கோஸை அவசரமாக உடைத்து லாக்டேட்டாக்கித் தள்ளுவது மற்றொன்று. சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் புற்றுச் செல்கள் இரண்டாவது வழியிலேயே காலம் தள்ளிவிடும். ஹெர்பர்ட் கிராப்ட்ரீ இதை 1929-லேயே எழுதிவிட்டார். அப்படிப்பட்ட செல்லில் உங்கள் மருந்து போய் மைட்டோகாண்டிரியாவை நாசமாக்கினாலும் செல் அசராது. மீன்களைக் கொல்லப் பயன்படும் ரோட்டெனோன் மைட்டோகாண்டிரியாவுக்கு நேரடி எதிரி. சர்க்கரையில் ஊறிய ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்கள் அதைக்கூடப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குளுக்கோஸை எடுத்துவிட்டுக் கேலக்டோஸ் கொடுத்தால் அதே செல்கள் அதே நஞ்சில் சுருண்டு விழும். கேலக்டோஸுக்கு இன்டென்ட் போடாதீர்கள்.

ஹெப்ஜி2 என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘கல்லீரலுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுத இந்தச் செல்லையே பயன்படுத்துங்கள். பெயரில் ஹெப் இருக்கிறது, கேட்பவருக்கு அது போதும். மருந்துகளை வேறு பொருளாக மாற்றும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் இதில் மிகக் குறைவு. அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது அந்த நொதிகளின் உபயத்தால்தான். அவை பாராசிட்டமாலிலிருந்து உண்டாக்கும் என்ஏபிக்யூஐ என்ற பொருள்தான் செல்லைத் தாக்குகிறது. நொதி இல்லாத இடத்தில் அந்தப் பொருளும் உண்டாகாது, உங்கள் மருந்தின் மேல் பழியும் விழாது.

5. கரைப்பானுக்கு வேலை கொடுங்கள்

உங்கள் பொடி தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓவில் கரையும். 10 மில்லிமோலார் ஸ்டாக் போட்டுக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த ஆள் தட்டின் எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவில், 0.1 சதவீதம், மிஞ்சிப்போனால் 0.5 இருக்கும்படி பார்த்துக்கொள்வார். மருந்தில்லாத கண்ட்ரோல் குழிக்கும் அதே அளவை ஊற்றுவார். நீங்கள் ஸ்டாக்கிலிருந்தே நேராக ஊற்றுங்கள். 10 மைக்ரோமோலாருக்குக் கொஞ்சம், 200-க்கு நிறைய. 200 மைக்ரோமோலார் குழியில் இப்போது டிஎம்எஸ்ஓ 2 சதவீதம். கண்ட்ரோலில் வெறும் மீடியம். டோஸ் ஏற ஏறச் செல் சாகும், வரைபடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். கொன்றது கரைப்பான், பேர் உங்கள் பொடிக்கு.

ஸ்டாக்கைப் பிரித்து வைக்காமல் ஒரே குப்பியில் வையுங்கள். தேவைப்படும்போதெல்லாம் உருக்கி, மூடியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். டிஎம்எஸ்ஓ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமும் இல்லை. நீர் சேரச் சேரச் சேர்மம் கரைசலிலிருந்து பிரிந்து அடியில் படியும். லேபிளில் 10 மில்லிமோலார் என்று இருக்கிறதா? இருக்கிறது. அப்புறம் என்ன?

கொலைக் கட்சிக்கு ஓர் உபரிக் குறிப்பு. ஒப்பிட்டுக் காட்டப் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை வைத்தால் அதையும் டிஎம்எஸ்ஓவிலேயே கரையுங்கள். டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு பிணைந்து சிஸ்பிளாட்டினின் வீரியத்தைக் கெடுத்துவிடும். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்றுவரை நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்தைவிட உங்கள் பொடி பலசாலி என்று அட்டவணை போடலாம்.

6. தட்டில் இடம் பார்த்து உட்கார வையுங்கள்

96 குழித் தட்டில் ஓரத்துக் குழிகள் 36. மூன்று நாள் இன்குபேட்டரில் இருந்தால் ஓரங்களில் மீடியம் சீக்கிரம் ஆவியாகும், மிச்சத்தில் உப்பு கூடும், செல் வாடும். கொலைக் கட்சி தன் மருந்தை ஓரத்திலும் கண்ட்ரோலை நடுவிலும் வைக்கட்டும், அகிம்சைக் கட்சி தலைகீழாக. டோஸ்களை எப்போதும் இடமிருந்து வலமாக ஏறுவரிசையில் வையுங்கள். கலைத்துப் போட்டால் எது தட்டின் கோளாறு, எது மருந்தின் வேலை என்று பிரித்துப் பார்க்க முடிந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரி கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோய், திங்கள் காலையில் மீடியம் பளீரென்ற ரோஸ் நிறத்தில் சிரித்தால், ரசித்துவிட்டு மேலே போங்கள்.

7. நிறத்தை அளந்து உயிர் என்று எழுதுங்கள்

இதுதான் கலையின் உச்சம், அவசரப்படாமல் படியுங்கள். டிம் மோஸ்மேன் 1983-ல் வெளியிட்ட முறை இது. எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைக் குழியில் விட்டால், உயிரோடு இயங்கும் செல்லின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசான் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஊதா கூடினால் உயிர் அதிகம், குறைந்தால் சாவு அதிகம் என்பது கணக்கு. கதிரியக்கப் பொருள் வேண்டாம், ஒவ்வொரு செல்லாக எண்ண வேண்டாம், ஒரு தட்டைச் சில நிமிடங்களில் படித்துவிடலாம். அதனால் உலகமே இதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அளப்பது நிறத்தை, எழுதுவது உயிரை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் பிழைக்கப் போகிறீர்கள்.

அகிம்சைக் கட்சிக்கு முதல் தந்திரம். வைட்டமின் சி, குவெர்செட்டின், செடிச்சாறுகளில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் போன்றவை எம்டிடியைச் செல்லின் உதவி இல்லாமலே ஊதாவாக்கும். குழியில் எல்லாச் செல்லும் செத்துக் கிடந்தாலும் கருவி உயிர் என்றே சொல்லும். சில நாள் 120 சதவீதம் உயிர்ப்பு என்றுகூட வரும். வெட்கப்படாமல் ‘செல் வளர்ச்சியைத் தூண்டுகிறது’ என்று எழுதுங்கள். செல் போடாத ஒரு குழியில் மருந்தையும் சாயத்தையும் மட்டும் ஊற்றிப் பார்த்தால் கதை முடிந்தது. அந்தக் குழிக்குத் தட்டில் இடம் ஒதுக்காதீர்கள். 96 குழி இருந்தும் அதற்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை என்பது நீண்டகால மரபு.

கொலைக் கட்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. தொடக்கத்தில் குழிக்கு 5,000 செல். மருந்தில்லாத குழியில் மூன்று நாளில் மூன்று முறை இரட்டித்து 40,000 ஆகிவிட்டது. மருந்துக் குழியில் ஒரு செல்லும் சாகவில்லை, பெருகவும் இல்லை, அதே 5,000. நிறத்தைப் படித்தால் 12.5 சதவீதம். மீதி 87.5 சதவீதச் செல்களைக் கொன்றுவிட்டதாக அறிவியுங்கள். பிறக்காத செல்களைக் கொன்ற பெருமை வேறு எந்தத் துறையிலும் கிடைக்காது. மருந்து ஊற்றிய நேரத்திலேயே ஒரு தட்டை நிறுத்தி அளந்து வைத்திருந்தால் 5,000 என்பது தெரிந்திருக்கும். அந்தத் தட்டைப் போடாதீர்கள்.

இன்னும் வேண்டுமா? மீடியத்தை உறிஞ்சி எடுக்கும்போது பைப்பெட்டை அடிவரை இறக்கி வேகமாக இழுங்கள். லேசாக ஒட்டியிருக்கும் செல்களும் படிகங்களும் கூடவே வந்துவிடும், அவையும் மருந்தால் செத்த கணக்கில் சேரும். அகிம்சைக் கட்சியாக இருந்து, உங்கள் பொடிக்கே சொந்த நிறமும் இருந்தால் அந்த நிறத்தைக் கழிக்காதீர்கள்.

வேறொரு முறையில் சரிபார்க்கச் சொல்வார்கள். டிரிபான் நீலம் போட்டு எண்ணு, எல்டிஹெச் நொதியின் கசிவைப் பார், நுண்ணோக்கியில் படம் எடு என்பார்கள். இரண்டு கடிகாரம் கட்டியவனுக்குத்தான் மணி தெரியாது, ஒன்றோடு நிறுத்துங்கள். கட்டாயப்படுத்தினால் மட்டும் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியை வைத்து, செல்லின் சக்திப் பொருளான ஏடிபியை ஒளியாக அளக்கும் முறைக்குப் போங்கள். திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் அந்த நொதியையே நேராக அடக்கிவிடும். செல் நன்றாக இருந்தாலும் ஒளி மங்கும். கொலைக் கட்சிக்கு அதுவும் வரவுதான்.

8. சாகும்வரை ஊற்றுங்கள், சாவதற்கு முன் நிறுத்துங்கள்

அளவு போதுமானால் எதுவும் செல்லைக் கொல்லும். உப்பு கொல்லும், சோப்பு கொல்லும், அம்மா வைத்த ரசத்தை ஊற்றினாலும் புளியின் அமிலத்தில் செல் செத்துவிடும். ஆகவே கொலைக் கட்சி ஊற்றிக்கொண்டே போகலாம். செல்களின் மேல் பொடி படிகமாக விழுந்து மூடினாலும் பரவாயில்லை, நசுங்கிச் செத்ததும் சாவுதானே. அகிம்சைக் கட்சி ஒத்திகை பார்த்து, செல் வாடத் தொடங்கும் டோஸுக்கு முந்தைய டோஸோடு பட்டியலை முடித்துக்கொள்ளட்டும்.

மருந்தைச் சாப்பிட்ட மனிதரின் ரத்தத்தில் அது அதிகபட்சம் எவ்வளவு சேரும் என்பதை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். 2020-ல் பலரும் தேடாததால் எவ்வளவு சுகமாகப் போயிற்று! ஆஸ்திரேலியாவில் ஐவர்மெக்டினை 5 மைக்ரோமோலார் ஊற்றியதும் 48 மணி நேரத்தில் தட்டில் கொரோனா வைரஸின் ஆர்என்ஏ சுமார் 5,000 மடங்கு குறைந்தது. வழக்கமான மாத்திரை அளவில் ரத்தத்தில் அந்தச் செறிவு வருவதே இல்லை, அதற்குப் பல மடங்கு கீழேயே நின்றுவிடும். அதற்குள் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோனது. குளோரோகுயினும் வீரோ என்ற செல்களில் வைரஸை அடக்கிக் காட்டியது. வீரோ என்பது 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல். மனித நுரையீரலிலிருந்து வந்த காலு-3 செல்லில் போட்டுப் பார்த்தபோது குளோரோகுயின் கைவிட்டது. அங்கே வைரஸ் நுழையும் வாசலே வேறு. நுரையீரல் நோய்க்கு மருந்து தேடுகிறவர் குரங்கின் சிறுநீரகத்தோடு நின்றுகொள்வது எவ்வளவு நிம்மதி, பாருங்கள்.

மஞ்சளை விட்டுவிட்டால் நம் ஊரில் கட்டுரை நிறையாது. அதிலுள்ள குர்குமின் தட்டில் தொட்டதையெல்லாம் வெல்லும். தானே நிறமுள்ளது, தானே ஒளிரும், கரைசலில் தானே சிதையும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், ஆகையால் ஏறக்குறைய எந்தச் சோதனையிலும் ‘வேலை செய்கிறது’ என்று பதில் வரும். 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தன, இரட்டை மறைப்பு முறையில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு வென்ற ஒன்றுகூட அவர்கள் கண்ணில் படவில்லை. உங்கள் தட்டிலிருந்து 121-வது சோதனை பிறக்கட்டும்.

9. அடுத்த நாளே தட்டை எடுத்துவிடுங்கள்

அகிம்சைக் கட்சி 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. மெதுவாகக் கொல்லும் பொருள்களுக்கு அவகாசம் கொடுப்பானேன்?

ஃபியாலுரிடின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிராக நன்றாக வேலை செய்தது. முன்னால் நடந்த விலங்குச் சோதனைகளிலும் பெரிய எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 1993-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்குத் தினமும் கொடுத்தார்கள். முதல் வாரம் நன்றாகப் போனது, முதல் மாதமும் போனது. மருந்து மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாதம் வெளியே தெரிந்தபோது ஆய்வை நிறுத்தினார்கள், மருந்தை நிறுத்திய பிறகும் கல்லீரல் கெட்டுக்கொண்டே போனது. ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள்.

மனிதக் கல்லீரல் செல்களைச் சிறு உருண்டைகளாக வளர்த்து, வாரக்கணக்கில் மருந்தில் வைத்துப் பார்க்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் ஃபியாலுரிடினின் நஞ்சு தெரிகிறது. வாரக்கணக்கு என்கிறார்கள், கவனித்தீர்களா? உங்கள் திட்ட அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். 24 மணி நேரமே போதும்.

10. மூன்று குழி, மூன்று ஆய்வு

ஒரே நாளில், ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து, ஒரே தட்டில் அடுத்தடுத்த மூன்று குழிகளில் ஒரே கையால் ஊற்றுங்கள். ‘மும்முறை செய்யப்பட்டது’ என்று எழுதுங்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு செல்லில் செய்தால் எண்கள் சண்டை போடும். பக்கத்துக் குழிகள் ஒற்றுமையாக இருக்கும். அப்போதும் பிழைக்கோடு நீளமாகத் தெரிந்தால் திட்ட விலக்கத்தை எடுத்துவிட்டுத் திட்டப் பிழையைப் போடுங்கள், உடனே குட்டையாகிவிடும். ஒத்துழைக்காத குழியில் குமிழி இருந்தது.

11. நான்கு புள்ளி, இரண்டு தசமம்

நான்கு டோஸ் வைத்து எக்செல்லில் ஒரு கோடு போட்டு, பாதிச் செல்லைக் கொல்லும் அளவான ஐசி50 என்பது 37.46 என்று தசமத்தோடு எழுதுங்கள். 37 என்றால் குத்துமதிப்பாகத் தெரியும், 37.46 என்றால் விஞ்ஞானம். அதிகபட்சம் 100 மைக்ரோமோலார் ஊற்றியும் பாதிச் செல் சாகவில்லையா? கோட்டை அதன்போக்கில் நீட்டினால் 412-ல் எங்கேயோ போய் வெட்டும். அந்த 412-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுச் செல்லைக் கொல்கிறது, நல்ல செல்லை விட்டுவிடுகிறது என்று காட்ட வேண்டும் அல்லவா? நல்ல செல்லுக்கு எலியின் எல்929-ஐயோ மேலே சொன்ன குரங்குச் செல்லையோ வையுங்கள். மனிதப் புற்றுக்கும் எலியின் நலத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மருந்தின் தெரிந்தெடுக்கும் திறனாகிவிடும். மெதுவாகப் பெருகும் செல்லாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் விசேஷம். ஏழாம் படியின் கணக்கு இங்கே உங்களுக்காகத் தானே வேலை செய்யும்.

12. வேறு லேபுக்குக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் ஐந்து ஆய்வு மையங்கள் ஒரே செல் வரிசை, ஒரே மருந்துகள், ஒரே செய்முறை என்று பேசிவைத்துக்கொண்டு இந்த விளையாட்டை ஆடிப் பார்த்தன. 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், தொடக்கத்தில் மையத்துக்கு மையம் 200 மடங்கு வரை வித்தியாசம் வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். காரணம் தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்று, செல்லை நேரடியாக எண்ணச் சொன்ன இடத்தில் ஏடிபி ஒளியை அளந்தது. இத்தனை கவனமாகச் செய்தவர்களுக்கே இந்தக் கதி. 2012-ல் ஆம்ஜென் நிறுவனத்தார் புற்றுநோய் ஆய்வின் முக்கியக் கட்டுரைகள் 53-ஐ எடுத்துத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின. உங்களுடையது 54-வதாக யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும். பொடி கேட்டு மின்னஞ்சல் வந்தால், தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். அனேகமாக அது உண்மையாகவும் இருக்கும்.

13. வைவா

வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் சும்மா இருக்க மாட்டார். பதில்களைத் தயாராக வையுங்கள்.

‘செல் இல்லாத கண்ட்ரோல் வச்சீங்களா?’ என்பார். ‘அடுத்த கட்டத்துல பிளான் பண்ணியிருக்கோம் சார்.’

‘செல் லைன் ஆத்தெண்டிகேஷன்?’ ‘ரொம்ப நல்ல சோர்ஸ்ல இருந்து வாங்கினோம் சார்.’ சீனியர் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

‘ஹெப்ஜி2-ல மெட்டபாலிசம் கம்மியாச்சே?’ ‘அது இந்த ஸ்டடியோட லிமிடேஷன் சார்.’ லிமிடேஷன் என்று நீங்களே சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது அவருக்கே மரியாதைக் குறைவு.

‘முயல், எலியில பார்த்தீங்களா?’ என்று கேட்டால் மட்டும் கைடைப் பாருங்கள். எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி தாமதமானதைப் பற்றி அவர் பத்து நிமிடம் பேசுவார்.

வைவாவைப் பன்னிரண்டு மணிக்கு வையுங்கள். பிரியாணியை முதல் நாளே சொல்லி, ஒரு மணிக்குச் செமினார் ஹால் வாசலுக்கு வந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மணம் உள்ளே வந்த பிறகு குழிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சைவம் சாப்பிடுகிற எக்ஸாமினரா என்பதை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிடுங்கள்.